வட்டை விதானையாரின் தண்ணிக் குளிசை

சென்ற மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரிக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் டொக்டர் பிள்ளை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். என் கடைசி மகளைவிட இளையவள். இதயம் பலவீனமாகி டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை இனி ஊர் ஆஸ்பத்திரிகளே தொடர்ந்து பார்க்க வேண்டுமாம். அதற்காகப் புதிய தாதியருக்கு ஒரு வகுப்பு வைக்கிறாள். "மிஸ், நீங்க வந்து உங்கட அனுபவத்தக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். ஓய்வு பெற்றவளிடம் அனுபவம் கேட்கிறவர்கள் கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு கேட்பது நல்லது. கொஞ்சம் என்ற அளவு எங்களிடம் கிடையாது.

போனதும் அவள் தன் கைத்தொலைபேசியைக் காட்டினாள். நோயாளர்கள் தினமும் காலையில் தராசில் ஏறி நின்று, அதைப் படமெடுத்து ஒரு குழுவில் போடுகிறார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு நிறை திடீரென்று ஏறினால் அது கொழுப்பு அல்ல, உடம்பில் தேங்கும் தண்ணீர். உடனே கூப்பிட்டு மருந்தைத் திருத்தலாம். நல்ல யோசனைதான். நான் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். ஒருவர் தராசோடு தன் கால் பெருவிரல் நகமும் தெரியப் படமெடுத்திருந்தார். மறுநாளும் அதே நிறை, அதே நகம். அதற்கு மறுநாளும் அதே நகம், நகத்துக்குள் அதே சேறு.

"பாத்தீங்களா மிஸ், எவ்வளவு கட்டுப்பாடா இருக்கிறார்!"

"ஓம் மகள். நகங்கூட வளரல்ல" என்றேன்.

அவள் தொலைபேசியை வாங்கி உற்றுப் பார்த்தாள். முகம் போன போக்கைப் பார்த்துப் பாவமாக இருந்தது. அன்று வகுப்பில் நான் சொன்னதையும், மரியாதை கருதிச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஆரையம்பதிக்காரி. தாதியர் கல்லூரியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; கட்டிலில் சுருக்கமில்லாமல் துணி விரிக்கவும், சின்னக் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதவும் கற்றுத் தந்தார்கள். முதல் வேலை வாழைச்சேனைப் பக்கம். பிறகு அங்கே இங்கே என்று அலைந்து, கடைசியில் வாவிக்கரையோரத்து இந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு வந்து, ஓய்வு பெறும்வரை இங்கேயே ஒட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி இருப்பது வாவிக்குக் கடல் பக்கமான எழுவான்கரையில். ஆனால் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வாவிக்கு அந்தப் பக்கம், வயலும் மாடுமாக இருக்கும் படுவான்கரைக்காரர். அவர்கள் விடியவே எழும்பி, பஸ் பிடித்துத் துறைக்கு வந்து, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, இந்தப் பக்கம் இன்னொரு பஸ் ஏறி வர வேண்டும். வந்து சேர்ந்ததும் "ஏன் பிந்தினீங்க?" என்று எங்களிடம் ஏச்சும் வாங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் டி.எம்.ஓ., அதாவது ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவரே தொலைபேசி எடுத்து, இந்தக் கட்டுரையில் உள்ள எழுத்துப்பிழைகளை வாசித்துக் காட்டுவார். மெலிந்த மனிதர். காற்சட்டைக்கு மேல் பெல்ட் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றி நிற்கும். நோயாளியிடம் "எப்பிடி இருக்கிறியள்?" என்று அவர் கேட்டு நான் கண்டதில்லை.

"கேட்டால் சுகம் எண்டு சொல்லுவினம். பிறகு நான் அதை நம்ப வேணும். ஏன் எனக்கு இந்த வேலை?" என்பார்.

அவருக்கு முதலில் கால். நோயாளியின் சாரத்தையோ சீலையையோ நான் சற்று உயர்த்திப் பிடிக்க, கட்டைவிரலால் முன்னங்காலின் எலும்பு மேல் அழுத்துவார். அழுத்தியபடியே யன்னலுக்கு வெளியே மாடு மேய்வதைப் பார்ப்பார். அவசரப்படவே மாட்டார். விரலை எடுத்தால் வீங்கிய காலில் குழி விழுந்து நிற்கும். அந்தக் குழியை நோயாளியின் விரலாலேயே தடவச் சொல்வார். அடுத்தது கழுத்து. ஆளைக் கட்டிலில் சாய்த்து, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, கழுத்து நரம்பு எந்த உயரம் வரை புடைத்து நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு முதுகு. நுரையீரலின் அடிப்பக்கம் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். அங்கே தண்ணீர் நின்றால், தலைமுடியைக் காதருகே விரலால் தேய்த்தது போல ஒரு சன்னமான சத்தம் வரும். எனக்கும் ஒரு நாள் குழாயைத் தந்து கேட்கச் சொன்னார். கேட்டேன். அதன்பிறகு எந்த மூச்சைக் கேட்டாலும் அந்தச் சத்தத்தைத் தேடும் வியாதி எனக்கு வந்துவிட்டது. என் புருஷன் தூங்கும்போதுகூட விட்டதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வாய் திறப்பார். திறந்தால் ஒரே கேள்வி: "எத்தினை தலகணி?"

இதயம் தளர்ந்தவர்களுக்கு மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும். தலையணை கூடக் கூட நோய் கூடியிருக்கிறது என்று கணக்கு. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் புத்தகம் எழுதினவர் எங்கள் வீடுகளுக்கு வந்ததில்லை. ஒரு நாள் ஒரு போடியார், பெரிய வயற்காரர், நெஞ்சை நிமிர்த்தி "ஒண்டுதான் ஐயா" என்றார். டி.எம்.ஓ. மகிழ்ந்து எழுதப்போனார். பக்கத்தில் நின்ற பெண்சாதி மெதுவாகச் சொன்னாள்: "தலகணி ஒண்டுதான் ஐயா. அதுக்குக் கீழ நெல்லு மூட்ட ஒண்டு கிடக்கு."

அன்றிலிருந்து அந்தக் கேள்வி பெண்சாதிமாரிடம்தான் கேட்கப்பட்டது.

நிறை பார்ப்பது என் வேலை. செருப்பைக் கழற்றி, பையை வைத்து, தராசில் ஏற வேண்டும். காத்தான்குடிப் புடைவைக்கடை நாநா ஒருவர் பெல்ட், கடைத் திறப்புக் கொத்து, தொலைபேசி, தஸ்பீஹ் மணிமாலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கடைசியாகத் தொப்பியையும் கழற்றப் போனார். "அது இருக்கட்டும் நாநா, தொப்பி எவ்வளவு வரும்?" என்றேன். "வியாபாரத்துல அப்பிடிச் சொல்லப்படாது மிஸ்" என்றார். இப்படிப்பட்டவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சண்டையெல்லாம் கருவாட்டோடு.

உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே உப்பைக் குறை என்று சொல்லாத நாளில்லை. எல்லோரும் குறைத்துவிட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர் வீட்டிலும் உப்புச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. ஆனால் மாங்கேணிப் பக்கமிருந்து கருவாடு மட்டும் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாவை நான் கையும் களவுமாகப் பிடித்தேன். கிளினிக்குக்கு வந்த பையிலேயே நெத்தலிக் கருவாடு வாசம் வீசியது. கேட்டதற்கு அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"நான் உப்புப் போடல்ல மிஸ். கருவாட்டுல போட்டது அவங்க."

இனி தம்பிப்பிள்ளையாரிடம் வருகிறேன்.

அவர் படுவான்கரையில் வட்டை விதானை. வட்டை என்றால் வயல்வெளி. குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் போக வேண்டும், எவன் வயலுக்கு எவ்வளவு நேரம், எப்போது பூட்ட வேண்டும் என்று முறை வைத்துத் திறந்து மூடுகிற பொறுப்பு வட்டை விதானைக்கு. விவசாயிகள் கூடித் தெரிவு செய்கிற ஆள். ஆகவே எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிற ஆள். உயர்ந்த மனிதர். வரம்பின் இந்த முனையில் நின்று அந்த முனைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். கிளினிக்கில் அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து அறையில் பல் பிடுங்க வந்தவர்கள் எழுந்து நிற்பார்கள்.

அவருக்கு மாரடைப்பு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் தப்பிப் பிழைத்து, இதயம் பாதிப் பலத்தோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். இதயத்தின் சுமையைக் குறைக்கும் குளிசை, துடிப்பை நிதானப்படுத்தும் குளிசை, இவற்றோடு தேங்கும் நீரை மூத்திரமாக வெளியேற்றுகிற தண்ணிக் குளிசை. கூடவே பெண்சாதி பூரணம். அதிகம் பேசமாட்டாள். அவருடைய பையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள்.

முதல் மாதம் வந்தபோது கால் வீங்கியிருந்தது. டி.எம்.ஓ. தண்ணிக் குளிசையைக் கூட்டினார். அடுத்த மாதமும் வீக்கம். மறுபடி கூட்டினார். அதற்கடுத்த மாதம் ஆள் படியேறி வந்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு, பேச முன்பு மூச்சுக்குக் காத்திருந்தார். டி.எம்.ஓ.வுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபம் கருவாட்டின் பக்கம் திரும்பியது.

"வீட்டிலை உப்பு எவ்வளவு போடுறியள்?"

"உப்புப் பானையையே பக்கத்து வீட்டுல கொண்டுபோய் வெச்சிட்டன் ஐயா" என்றாள் பூரணம்.

"அப்ப நான் பக்கத்து வீட்டுல போய்த்தான் திங்கிறன் எண்டு ஐயா நினைக்கிறார் போல" என்றார் தம்பிப்பிள்ளையார்.

அவர்கள் போனபின் டி.எம்.ஓ. பேனையை மேசையில் போட்டார். "மிஸ், இந்த மனுசனுக்கு நான் எழுதிக் குடுக்கிற அளவுக்கு வாவியே வத்தியிருக்க வேணும். இவர் மட்டும் எப்பிடி ஊறிக்கொண்டு போறார்?" எனக்கும் விளங்கவில்லை.

அன்று மருந்து எடுக்கும் வரிசையிலிருந்து பூரணம் விலகி, தண்ணீர்க் குழாயடியில் நின்ற என்னிடம் வந்தாள்.

"மிஸ், எனக்கிட்ட ஒளிக்காமச் சொல்லுங்க. இவர் இரிப்பாரா?"

"ஏன் அப்படிக் கேட்கிறீங்க?"

"விதைப்பு வருது. தண்ணி துறக்கோணும் துறக்கோணும் எண்டு நிக்கிறார். வளவுக்குள்ள நாலு எட்டு நடந்தாக் கதிர தேடுறார். ராவைக்கு இருந்துக்கிட்டுத்தான் நித்திர. நான் முழிச்சிப் பாத்துப் பாத்துக் கிடக்கன். மூச்சு வருதா எண்டு."

எனக்குச் சமாதானம் சொல்ல நன்றாகத் தெரியும். அது எங்கள் தொழிலில் பாதி. அன்று அதைச் செய்யவில்லை. நேரே டி.எம்.ஓ.விடம் போய், இவரை வாட்டில் வைத்துப் பார்ப்போம் என்றேன். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

தம்பிப்பிள்ளையார் ஒத்துக்கொள்ளவில்லை. விதைப்புக் கூட்டம், தண்ணீர் திறப்பு, தான் இல்லாவிட்டால் மேல்வட்டைக்காரன் வாய்க்காலை வெட்டி விடுவான் என்று அடுக்கினார். டி.எம்.ஓ. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்கடை வட்டை ஒரு கிழமை தண்ணி இல்லாமல் இருக்கும். நீங்கள் எவ்வளவு நேரம் மூச்சு இல்லாமல் இருப்பியள்?"

வாட்டில் சேர்த்ததும் முதல் வேலையாக அவர் பையைச் சோதித்தேன். கருவாடு இல்லை. ஏமாற்றமாக இருந்தது. கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த அளவு குளிசையை எங்கள் கண் முன்னால் விழுங்க வைத்தோம். ஆஸ்பத்திரிச் சோற்றில் உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது பிறவியிலேயே உப்பில்லாதது. அன்று முழுவதும் மனிதர் மலசலகூடத்துக்கும் கட்டிலுக்குமாக நடந்தபடி இருந்தார். மறுநாள் நிறை இறங்கியது. கால் மெலிந்தது. டி.எம்.ஓ. குழிவிழாத காலை அழுத்திப் பார்த்துச் சீழ்க்கை அடித்துக்கொண்டு போனார். "பாத்தியளே மிஸ்? வீட்டுச் சாப்பாடுதான் சனியன்." பூரணத்தின் முகம் சுருங்கிப் போனது. அவள் உண்மையிலேயே உப்புப் பானையைப் பக்கத்து வீட்டில் வைத்தவள்.

அதற்கும் அடுத்த நாள் காலை, மலசலகூடத்திலிருந்து திரும்பிய தம்பிப்பிள்ளையார் வாட்டு வாசலில் சரிந்து விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். கை கால் சில்லிட்டிருந்தது. பிரசர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. நாடி நூலிழையாக ஓடியது. நாக்கு வெயிலில் போட்ட தோல் போல வறண்டிருந்தது. பக்கத்துக் குவாட்டர்ஸிலிருந்து டி.எம்.ஓ. ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார்.

அந்த நேரம் அவர் செய்ததை நான் வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். குளிசைகளை எல்லாம் நிறுத்தினார். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தச் சொன்னார். ஈசிஜி எடுத்தார். இரத்தம் எடுத்து மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு அனுப்பினார், அம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார். பிறகு சேலைன். ஆனால் வேறு ஒருவருக்கென்றால் திறந்து விட்டுவிட்டுப் போகலாம், இவருக்கு முடியாது. தண்ணீர் போதாவிட்டால் சிறுநீரகம் படுத்துவிடும். கொஞ்சம் கூடிப்போனால் அந்தப் பலவீனமான இதயம் இறைக்க முடியாமல் நுரையீரல் மூழ்கிவிடும். ஆகவே சின்ன அளவு விடுவார், நிறுத்துவார். ஆளைப் பக்கவாட்டில் திருப்பி முதுகில் குழாயை வைத்துக் கேட்பார். அந்தச் சன்னமான சத்தம் இல்லையென்றால் பிரசர் பார்க்கச் சொல்வார். பிறகு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் அதே ஒழுங்கு, அதே பொறுமை. சவர நுரை கன்னத்தில் காய்ந்து வெள்ளையாய் உதிர்ந்தது. அதைத் துடைக்கச் சொல்ல எங்களில் எவருக்கும் துணிவு வரவில்லை.

இதற்கிடையில் பூரணம் எங்கேயோ ஓடிப்போய் ஒரு செவ்விளநீரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டி.எம்.ஓ. கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம் அம்மா. சிறுநீரகம் வாடிக்கிடக்கேக்கை இதுவே நஞ்சாப் போகும். இரத்த முடிவு வரட்டும்." அவள் இளநீரைக் கீழேயும் வைக்காமல், குடிக்கவும் கொடுக்க முடியாமல், இரண்டு கையாலும் பிடித்தபடி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். நான் பயந்து போயிருந்தேன். எங்கள் கையால் எண்ணிக் கொடுத்த குளிசையாலேயே ஒரு மனிதர் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

பிரசர் மெல்ல ஏறத் தொடங்கியது. அம்புலன்ஸ் வந்து நின்றபோது கை சூடாகிவிட்டது, கண்ணைத் திறந்து "மேல்வட்டைக்காரன் வாய்க்கால வெட்டிட்டானா?" என்று கேட்டார். டி.எம்.ஓ. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முதல் தடவையாகக் கன்னத்தைத் துடைத்தார்.

"ஐயா தம்பிப்பிள்ளை, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இதே குளிசை, இதே அளவு. வீட்டிலை போட்டுக்கொண்டு வீங்கி வீங்கி வந்தியள். இஞ்சை ரெண்டு நாளிலை வத்திப் போனியள். அதெப்பிடி?"

தம்பிப்பிள்ளையார் அவரைப் பார்த்த பார்வையில் நோயாளியின் பணிவு இருக்கவில்லை. தொழில் தெரியாதவனைப் பார்க்கிற விதானையின் இரக்கம் இருந்தது.

"பின்ன, ஒரேயடியாத் துறந்து விட்டா வாய்க்கால் உடையாம என்ன ஐயா செய்யும்? வீட்டுல நான் முறை வெச்சித்தான் போடுற."

"என்ன முறை?"

"கால் வீங்கி, கணுக்கால் மொழிக்கு மேல ஏறினாத் துறப்பன். வத்தினாப் பூட்டிருவன். நாலு நாளைக்கு ஒருக்கா, அஞ்சு நாளைக்கு ஒருக்கா. கூட்டம் இரிக்கிற நாள், கலியாணம், செத்த வீடு, தூரம் போற நாள், அதுக்கெல்லாம் முதல் நாளே பூட்டு. நீங்க கூட்டிக் கூட்டித் தந்தீங்க. தண்ணி கூட வந்தா நாங்க முறைய இன்னும் தள்ளித்தானே வைக்கோணும்? அதுதான் நானும் தள்ளி வெச்சன்."

டி.எம்.ஓ. மெதுவாகக் கேட்டார்: "கிளினிக்குக்கு வாற நாள்?"

"அதென்ன கதை ஐயா! அண்டைக்கு எப்பிடிப் போடுற? பாதையில ஏறி நடு வாவிக்க நிக்கக்குள்ள வந்தா எங்க போற? முதல் நாளும் போடுறல்ல."

நான் பூரணத்தைப் பார்த்தேன். அவளுக்கு அது செய்தியாகவே தெரியவில்லை. "அது ஊரெல்லாம் அப்பிடித்தானே மிஸ்" என்றாள்.

டி.எம்.ஓ. ஏசவில்லை. எழுந்து வாட்டின் நீளத்துக்கு ஒரு நடை நடந்தார், திரும்பி வந்தார், தம்பிப்பிள்ளையாரின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். நோயாளி டவுனுக்குப் போய், சிறுநீரகம் தேறி, ஒரு கிழமையில் எங்களிடம் திரும்பினார்.

அடுத்த கிளினிக் நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. டி.எம்.ஓ. தன் அறைக்குள் போகாமல் நடுவில் வந்து நின்றார்.

"இண்டைக்குக் காலமை தண்ணிக் குளிசை போட்டவை கையை உயர்த்துங்கோ."

ஒரு கை உயர்ந்தது. பார்த்தால் அந்தக் கைக்குரிய அம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மற்றப்படி ஒருவருமில்லை. எல்லோரும் காற்றாடியைப் பார்த்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"பஸ்ஸ நிப்பாட்டி இறங்க ஏலுமா ஐயா?"

பக்கத்தில் இருந்தவள் துணைக்கு வந்தாள். "ஓம் கா, வந்து இறங்கினா மட்டும் என்ன? இஞ்சயும் கக்கூசு பூட்டித்தானே கிடக்கு."

அது உண்மை. நோயாளர் மலசலகூடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதைப் பூட்டி வைத்திருந்தோம். சுத்தமாகத்தான் இருந்தது. திறப்பு மேற்பார்வையாளரின் மேசை இலாச்சியில் பத்திரமாக இருந்தது. ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் வருகிற நானும் காலையில் வெறுந்தேத்தண்ணிகூடக் குடிக்காமல்தான் வருவேன். வீட்டை விட்டு வெளிக்கிட்டால் பெண்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஒருவர் செய்தால் நோய் என்போம்; ஊரே செய்தால் அதைப் பழக்கம் என்று விட்டுவிடுவோம்.

டி.எம்.ஓ. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் மாதம் ஒரு தடவைதான் இவர்களைப் பார்க்கிறார். அந்த ஒரு நாளும், அதற்கு முதல் நாளும்தான் இவர்கள் குளிசை போடுவதில்லை. வீக்கத்தோடு வருகிறார்கள், அவர் கூட்டிக் கொடுக்கிறார்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆருக்கு வைத்தியம் பாத்தனான்? உங்களுக்கோ, பஸ்ஸுக்கோ?"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அவருடைய பல்வரிசையை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான்.

அன்று வந்தவர்களுடைய அளவுகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து எழுதினார். தலையணைக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போனது. முதல் கேள்வி, "கடைசியா எண்டைக்குப் போட்டனீங்கள்?" கிளினிக் நாளில் குளிசையைக் கையோடு கொண்டு வாருங்கள், வந்து இறங்கியதும் இங்கேயே போடுங்கள் என்றார். எங்கள் கிளினிக் முடிய எப்படியும் மத்தியானமாகும்; அதற்குள் அந்த அலுவல் முடிந்துவிடும். எங்கள் தாமதம் முதல் தடவையாக நோயாளருக்குப் பயன்பட்டது. மலசலகூடத்துத் திறப்பைத் தன் கையாலேயே இலாச்சியிலிருந்து எடுத்து, கிளினிக் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டார். மேற்பார்வையாளர் ஒரு கிழமை எவரோடும் பேசவில்லை.

தம்பிப்பிள்ளையாரோடுதான் நெடுநேரம் வாதம் நடந்தது. கால் வீங்குவதைப் பார்த்துக் குளிசை போடக் கூடாது, வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறபோது காலம் பிந்திவிட்டது, அதற்கு முன்பே தராசு சொல்லிவிடும் என்று டி.எம்.ஓ. விளக்கினார். ஆகவே தினமும் ஒரே அளவு, தினமும் நிறை. இரண்டு மூன்று நாளில் நிறை ஏறினால் வர வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் என்றால் குளிசையை நிறுத்திவிட்டு வர வேண்டும். தம்பிப்பிள்ளையார் தாடையைத் தடவினார்.

"சரிதான். தண்ணி கூடினது கரை உடைஞ்சி தெரியப்படாது. அளவுப் பலகையில தெரியோணும்."

"அதைத்தான் நான் அரை மணித்தியாலமாச் சொல்லுறன்."

"நீங்க சுத்திச் சொன்னீங்க ஐயா."

அடுத்த மாதக் கிளினிக்கில் டி.எம்.ஓ. சற்று நேரம் கழித்து வெளியே வந்து, குளிசை போட்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். மண்டபம் முழுக்கக் கை. பல் பிடுங்க வந்தவரும் உயர்த்தினார். துணைக்கு வந்த மருமக்களும் உயர்த்தினார்கள். டி.எம்.ஓ. என் காதருகே குனிந்தார். "மிஸ், கையைப் பாக்காதையுங்கோ. பின்னாலை போய் அந்த மலசலகூடக் கதவடியைப் பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். மருந்து எடுக்கும் வரிசையைவிட நீளமான வரிசை அங்கே நின்றது. படுவான்கரை முழுவதும் அங்கேதான். கதவருகில் நிமிர்ந்து நின்றார் தம்பிப்பிள்ளையார். சாரம் மடித்துக் கட்டியிருந்தார். கீழே தெரிந்த கால் இரண்டும் ஒட்டிக் காய்ந்திருந்தன. வட்டையில் கூப்பிட்டுப் பழகிய அதே குரல், மூச்சு வாங்காமல் வந்தது.

"தள்ளாதீங்க! பொம்புளையள் முதல்ல! வயசானவங்க அடுத்தது! ஒருத்தருக்கும் தண்ணி நிக்காது, எல்லாருக்கும் முறை வரும்!"

பூரணம் தூணருகே நின்றாள். கையில் பை இல்லை. அதை அவரே தோளில் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுவரை அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"வெள்ளச் சீல ஒண்டு எடுத்து அலுமாரிக்கடியில வெச்சிருந்தனான் மிஸ், ஒருத்தருக்கும் தெரியாம. பாருங்க இந்த மனுசன! கக்கூசுக்கு விதானையாகிட்டார்."